நெட்டையன் சீர் கொண்டு வந்தான்

நெடுந்துறைக்கு மருமகளாக வருகிறவள் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கடற்பாறைகளைப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, தொட்டுவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், புகுந்த வீட்டில் வந்து இறங்கியவள் வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமனாரைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போனால் எப்படியிருக்கும், அப்படித்தான் எங்களுக்கு இதுவும், ஏனென்றால் அந்தப் பாறைகள் எங்களுக்கு முன்பே இந்தக் கரையில் வந்து உட்கார்ந்தவை.

நடை பெரிய நடையொன்றும் இல்லை. கோயிலின் பின்வாசலில் தொடங்கிக் கடலோரமாகவே முனைவரை மெதுவாகப் போனால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற தூரம்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் இருக்கிற பாறைகளைப்போல நீங்கள் எங்கும் பார்த்திருக்க முடியாது என்று நான் அடித்துச் சொல்லுவேன். முதலில் அடுக்குப்பாறை, சிவப்பும் சாம்பலுமாக ஆப்பம் சுட்டு அடுக்கியதுபோல ஒரு பக்கம் சரிந்து கிடப்பாள், அவள் பெரியத்தை. அதற்கப்பால் ஊதுபாறை, அலை வந்து அவர் வயிற்றுக்குள் புகுந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு உச்சித் துளை வழியாகத் தண்ணீரை வானத்துக்குத் துப்புவார், அவர் மாமனார், வேறு யாராக இருக்க முடியும். பிறகு தேன்கூட்டுப்பாறை, உடம்பெல்லாம் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நண்டு, ஊர்வம்பை எல்லாம் சேர்த்துவைத்திருக்கும் சின்னத்தை. பிறகு நடுவில் பெரிய வாசல் திறந்த துளைப்பாறை, தலையைக் குனியாமல் அவளைக் கடக்க யாராலும் முடியாது என்பதால் அவள் மாமியார். கடைசியில், தரை முடிந்து கடல் தொடங்கும் முனையில், கீழே ஒடுங்கி மேலே பருத்து, பாதிப் பனை உயரத்துக்கு ஒற்றைக்காலில் நிற்பவன் நெட்டையன். புருஷனின் மூத்த அண்ணன் முறை. வந்த மருமகள்கள் எல்லாரும் அவனைப் பெரிய அத்தான் என்றே கூப்பிட்டார்கள், அவனும் பெரிய அத்தான் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி, தம்பி பெண்டாட்டிகளை ஏறிட்டும் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு காலகாலமாக நின்றான்.

வளர்மதி வந்து அவனைக் கெடுத்தாள். கெடுத்தாள் என்று நான் சொல்வது செல்லமாகத்தான்.

அவள் ஒட்டன்சத்திரத்துப் பெண். எங்கள் அஜினும் அவளும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே டீக்கடையில் டீ குடித்து, கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தவர்கள். அவள் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. கல்யாணத்தன்று பெண் வீட்டாருக்காக ஒதுக்கிய பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன, பார்க்கச் சகிக்காமல் எங்களில் பாதிப்பேர் எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்தோம், அவள் திரும்பிப் பார்த்தாள், இத்தனை பேர் இருந்தும் யாரையோ தேடிவிட்டு மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் காலையில் பாறைகளைப் பார்த்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். கடலையே அதுவரை பக்கத்தில் பார்த்திராதவள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முறை சொல்லிக்கொடுக்க வந்த நாத்தனார் அமலியை ஓட ஓட விரட்டினாள். அமலி அஜினுக்கு மூத்தவள், அம்மா இல்லாத அந்த வீட்டை நிமிர்த்தி நிறுத்தியவள், இரண்டு கைகளும் இடுப்பில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"மதினி, இத யாரு செதுக்குனது?"

"ஒருத்தரும் செதுக்கல்ல. அதுவாட்டு இருக்கு. பெரியத்தைன்னு கூப்பிட்டுத் தொடு."

"பெரியத்தை! ஐயோ, ஜில்லுன்னு இருக்காங்க மதினி!"

ஊதுபாறை அவள் தலைமேல் தண்ணீரைத் துப்பியபோது கைதட்டிச் சிரித்தாள், தேன்கூட்டுப்பாறையின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள், துளைப்பாறையைக் குனிந்து கடந்துவிட்டு ஆசை தீராமல் திரும்பி வந்து மறுபடியும் குனிந்து கடந்தாள், இத்தனை மரியாதை கிடைத்த மாமியார் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. அந்த ஓட்டத்திலேயே முனைக்குப் போனவள், நெட்டையனுக்குக் கை எட்டும் தூரத்தில் பாசி வழுக்கி, பெரிய அலையொன்றும் அதே நேரம் எழுந்து வர, விழப்போகிறவள் எதையாவது பிடிக்கிறமாதிரி அவனை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, "அண்ணா!" என்று கத்திவிட்டாள்.

அவர்கள் பக்கத்தில் அப்படித்தானாம். பஸ் கண்டக்டரானாலும் மளிகைக்கடைக்காரரானாலும் ஆபத்துக்கு வருகிற ஆண்பிள்ளை எவனானாலும் அண்ணன்தான். எங்கள் ஊரில் அது கிடையாது, இங்கே ஒருவரை அண்ணன் என்று கூப்பிட்டால் அவர் அண்ணனாகவே இருந்தாகவேண்டும்.

"அண்ணனில்ல பிள்ளே, பெரிய அத்தான்," என்று அமலி பதறினாள்.

வளர்மதி மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தில் வழிந்த உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவனை அண்ணாந்து பார்த்தாள். "கூப்ட்டுட்டேனே மதினி. இருக்கட்டும், எனக்கும் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அமலியும் சிரித்துவிட்டாள், ஊரில் வந்து சொன்னாள், நாங்களும் சிரித்தோம், மறந்தும் போனோம். நெட்டையன் மறக்கவில்லை.

அதன்பிறகு மாதங்கள் போயின. வளர்மதி மீன் ஆயக் கற்றுக்கொண்டாள், எங்கள் பேச்சைப் பிடிக்கப் பார்த்துப் பாதியில் விட்டாள், கர்ப்பமானாள், ஊருக்கு ஒரு குறையும் சொல்லமுடியாதபடி இருந்தாள். ஆனாலும் குழாயடி என்று ஒன்று இருக்கிறதே. அங்கே ராணி என்றால் பிரிஜித்தாள்தான், கோயில் தெருவின் கடைசி வீட்டுக்காரி, சுற்றிலும் மதில் வைத்துக் கட்டிய ஒரே வீடு அவளுடையது. குடத்தை முன்னால் வைத்தது யார், பின்னால் வைத்தது யார் என்று தகராறு வந்தால், வளர்மதி நியாயத்தைச் சொல்லப்போனால், பிரிஜித்தாள் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுவாள்: "கேக்க ஆளில்லாதவளுக்கு வாயப் பாரு." அவ்வளவுதான், வளர்மதி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், நாங்களும் பேசாமல் இருப்போம். பிரிஜித்தாள் சொன்னது உண்மைதானே என்று எங்களுக்கும் ஒரு எண்ணம் இருந்தது, அதுதான் கேவலம்.

அந்த நாட்களில்தான் தொபியாஸுக்குக் கடலில் வழி தப்பியது. தொபியாஸ் எங்கள் வள்ளக்காரர்களுக்குத் தலைவன்மாதிரி, கடலில் தடுமாறுகிற ஆளே கிடையாது. கடலுக்கடியில் மீன் தங்குகிற பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது இல்லையா, அதற்கு நாங்கள் கரையைப் பார்ப்போம், நெட்டையன் தலையும் கோயிலின் இடது கோபுரமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கவேண்டும், வடக்கே மலைப்பிளவுக்குள் செல்போன் டவர் போய் உட்காரவேண்டும், இந்த இரண்டு கோடும் சேருகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே திட்டு இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். ஜி.பி.எஸ். கருவியில் எண்ணாகக் குறித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். எண்ணைப் பக்கத்து ஊர்க்காரன் திருடிவிடுவான், நெட்டையனைத் திருட முடியாது என்று இருந்துவிட்டோம்.

தொபியாஸ் கோபுரத்தையும் நெட்டையனையும் ஒட்டவைத்துத் தூண்டிலை இறக்கினான், கீழே வெறும் சேறு. மறுநாளும் சேறு. அஜின் இறக்கினான், சேறு. ஒருவர் கண்ணை ஒருவர் குறை சொன்னார்கள், முந்தின இரவு குடித்ததைக் குறை சொன்னார்கள், செல்போன் டவரை அரசாங்கம் சொல்லாமல் மாற்றிவிட்டதாகவும் ஒரு பேச்சு வந்தது. கடைசியில் யாரோ முனைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நெட்டையன் அங்க இல்ல, துளைப்பாறைக்கிட்ட நிக்கான்," என்று சொன்னார்கள்.

போய்ப் பார்த்தோம். துளைப்பாறைக்குப் பக்கத்தில், பேசிக்கொண்டிருக்கிற பாவனையில், கொஞ்சம் தலையைச் சாய்த்து நின்றான். அவன் இருந்த இடத்தில் வட்டமான குழி, குழி நிறைய தண்ணீர், தண்ணீரில் வீடு பறிபோன நண்டுகள். பெண்களில் ஒருத்தி, "என்னவோ நினைச்சுப் பெறப்பட்டிருக்கான்," என்றாள், அப்படித்தான் எங்களுக்கும் பட்டது.

பிறகு ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏற்றத்தண்ணீர் வரும்போதெல்லாம் ஒரு முழம் நகர்வான், அம்மிக்கல்லை இழுக்கிறமாதிரி ஒரு சத்தம் கேட்கும், சத்தம் கேட்டதும் அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு ஓடுவோம். பையன்கள் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பந்தயம் கட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் புத்தகப்பையோடு அவன் நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பங்குச்சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், இது பாவமும் அல்ல, ஆண்டவர் செய்த புதுமை என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை, ஆயர் இல்லத்தில் கேட்டிருக்கிறேன், அதுவரை யாரும் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டாம் என்றார், ஏற்றியிருந்தவர்கள் அணைத்தார்கள். நெட்டையன் யாரையும் கண்டுகொள்ளாமல், தேன்கூட்டுப்பாறையிடம் கொஞ்சநாள், ஊதுபாறையிடம் கொஞ்சநாள் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று, பயணம் போகிறவன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு போகிறமாதிரி ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

அடுக்குப்பாறைக்கு அவன் வந்த அன்று அமலிக்கு விளங்கியது. கருவாடு உணத்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, "மாதாவே!" என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"வளர்மதிக்கு அடுத்த மாசம் ஏழு! அண்ணன்னு கூப்பிட்டாள்லா! அவன் ஏழாம் மாசத்துக்கு வாறான்!"

எங்களுக்கு வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைப்பிள்ளைக்காரிக்கு ஏழாம் மாதம் பிறந்த வீட்டார் ஏழு வகைச் சீர் கொண்டுவந்து, பிள்ளைப்பேற்றுக்கு அவளை அழைத்துக்கொண்டு போவார்கள், அண்ணன் இருந்தால் அண்ணன்தான் முன்னால் வருவான். பெரிய அத்தானாக இருந்தவரை நெட்டையனுக்கு ஒரு கடமையும் இல்லை, நின்றால் போதும், நின்றான். அண்ணனாகிவிட்டான், புறப்பட்டுவிட்டான். பாறையென்றாலும் முறை தெரிந்தவன் என்று அன்றைக்கு எல்லாரும் பெருமையாகப் பேசினோம். பெண்கள் வளர்மதியைச் சூழ்ந்துகொண்டார்கள், சிலர் அழுதார்கள், சிலர் என்ன புடவை கட்டப்போகிறாய் என்று கேட்டார்கள். அவள் அடுக்குப்பாறைவரை நடந்துபோய், அவனை அண்ணாந்து பார்த்து, "மெதுவா வாங்கண்ணா, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அவசரம் எங்களுக்கு இருந்தது. மீன் பிடிக்கிற நல்ல நாட்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. தொபியாஸ் எழுந்தான், அவனும் பொல்லாதவன் இல்லை, வீட்டில் ஐந்து பிள்ளைகள், காலையில் வெறும் வள்ளத்தோடு வந்து அவர்கள் முகத்தில் முழிக்கவேண்டியவன்.

"மக்ளே வளர்மதி, ஒன்ன ஒருத்தரும் குத்தம் சொல்லல்ல. வாய் தவறி வந்த சொல்லு. நீ இப்ப அவன்கிட்ட போயி ஒரே ஒரு தடவ பெரிய அத்தான்னு கூப்பிட்டுரு. அவன் அவனுக்க எடத்துக்குப் போயிருவான். எங்க கணியம் எங்களுக்குக் கெடைக்கும். அவ்வளவுதான் கேக்கோம்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அஜின் தரையைப் பார்த்தான், அவன் வள்ளமும்தான் வெறுமையாக வந்துகொண்டிருந்தது. வளர்மதி வயிற்றில் கைவைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மாமா, எனக்கு ஏழாம் மாசம் வருதுன்னு எங்க அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன், கட் பண்ணிட்டாரு. அம்மா நம்பரே மாத்திட்டாங்க. நான் கூப்ட்டதுக்கு இந்த ஒலகத்துல ஒருத்தர்தான் எந்திரிச்சு வந்திருக்காரு. வாசலுக்கு வர்ற நேரத்துல, நீ என் அண்ணன் இல்லைன்னு அவரு மொகத்தப் பாத்து நான் எப்படிச் சொல்றது? நீங்கன்னா சொல்லுவீங்களா?"

ஊதுபாறை தூரத்தில் தொண்டையைச் செருமியது கேட்டது. தொபியாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லமாட்டேன்," என்றான். உட்கார்ந்தபிறகு, "ஏழாம் மாசம் வரைக்கும் கடன வாங்கித் தின்னுவோம்," என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். கூட்டம் கலைந்தது.

அவன் ஊருக்குள் வந்த காலையைப்போல ஒரு காலை எங்கள் ஊருக்குத் திருவிழாவில்கூட வந்ததில்லை. விடிந்தபோது மணலைத் தாண்டிக் கோயில் தெரு முனையில் நின்றான். தெருவெல்லாம் கோலம், கோயில் பேண்டு செட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மின்வாரியத்து ஒயர்மேன் வந்து கம்பிகளை அவிழ்த்து, "சீர் போறவரைக்கும் கரண்டு கெடையாது," என்று அறிவித்தார், எல்லாரும் கைதட்டினோம். துணி உலர்த்துகிற கொடிகள் இறங்கின, பூவரசமரத்தின் ஒரு கிளை இறங்கியது. அவன் ஒரு வீடு தாண்டுவான், நிற்பான், பேண்டு ஒரு பாட்டு வாசிக்கும், மறுபடி ஒரு வீடு தாண்டுவான். அஜின் வீடு கோயில் தெருவுக்குப் பின்னால், பிரிஜித்தாள் வீட்டுமுற்றம் வழியாகப் போனால்தான் அவன் பருமனுக்கு இடம் உண்டு. மதிலுக்கு முன்னால் வந்து நின்றான். நின்றவன் நின்றவன்தான். பேண்டு வாசித்துப் பார்த்தது, வெடி போட்டுப் பார்த்தோம், அவன் அசையவில்லை, அடுத்த வீட்டு மதிலை இடித்துக்கொண்டு போகிற ஆள் அவன் இல்லை.

பிரிஜித்தாள் வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். அவன்மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கருகருவென்று சிப்பி, விலாவில் நண்டு, பிளவில் மீசை நீட்டிக்கொண்டு சிங்கி இறால், தலைப்பள்ளத்துத் தண்ணீரில் கிளிமீன், தோளில் பச்சைப்பாசி, காலடியில் சங்கு, முதுகெல்லாம் பொரிந்த வெள்ளை உப்பு. ஏழு வகை. ஒன்று குறையவில்லை.

"சீரோட வந்தவன வழியில நிறுத்தினா எனக்கு மோட்சம் கெடைக்குமாடே?" என்று கத்திக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். கடப்பாரையோடு வந்தாள். தன் கையால் முதல் இடி இடித்தாள், பிறகு எல்லாரும் சேர்ந்து முன்மதிலை இடித்தோம், பின்மதிலையும் இடித்தோம், அவன் இரண்டையும் தாண்டி, யாருடைய பூச்செடியையும் மிதிக்காமல் போய், அஜின் வீட்டு வாசலில் தன் நிழலை முழுசாக வீட்டின்மேல் விழவிட்டு நின்றான்.

வளர்மதி கல்யாணப்புடவையில் வெளியே வந்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள், கன்னத்தை அவன்மேல் வைத்தாள், "வாங்கண்ணா," என்றாள், அதற்குமேல் முடியவில்லை, ஓவென்று அழுதாள். நாங்களும் அழுதோம், வெட்கமில்லாமல், பேண்டுக்காரர்கள்கூட. பிறகு பெண்கள் ஏணி வைத்துச் சீரை இறக்கினார்கள், சிப்பி அவித்தோம், நண்டுக்குழம்பு வைத்தோம், அவன் கொண்டுவந்த உப்பையே போட்டோம், மாதக்கணக்கில் மீன் வாசனை இல்லாமல் கிடந்த ஊர் முழுக்க அன்று கை வழிய வழியத் தின்றது.

சாப்பிட்டு முடிந்தபிறகுதான் எங்களுக்கு அடுத்த விஷயம் உறைத்தது. அவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான், காத்திருந்தான். சீர் கொண்டுவந்த அண்ணன் தங்கையை அழைத்துக்கொண்டுதான் போவான். எங்கே?

"அவ எங்கயும் போவமாட்டா," என்று அஜின் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "அவன் நிக்க எடத்துல கடலாக்கும். வயித்துப்பிள்ளக்காரிய நான் அனுப்பமாட்டேன்."

தொபியாஸுக்கு ஒன்று தெரிந்திருந்தது, அவள் போனால்தான் நெட்டையன் போவான், நெட்டையன் போனால்தான் கணியம் சேரும். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு யாரும் திறக்கவில்லை, எங்கள் ஊரைப்பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவற்றில் அதுவும் ஒன்று.

வளர்மதி ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, எல்லாப் பொண்ணும் தலைப்பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குப் போவா. எனக்குக் கெடைக்காதுன்னு இருந்தேன். வழி விடுங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "ஒரு ஜெபமாலை தூரம்தானே. தெனமும் வந்து பாத்துட்டுப் போங்க, விருந்தாளி மாதிரி."

அஜின் பையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அமலி இடுப்பிலிருந்து கைகளை எடுத்தாள். "நானும் வாறேன். பொறந்த வீடு எப்பிடி இருக்குன்னு பாக்காண்டாமா?"

வருகிறபோது ஏற்றத்தண்ணீருக்கு ஒரு முழம் என்று தயங்கித் தயங்கி வந்தவன், தங்கையோடு திரும்பும்போது அவள் நடைக்கு நடந்தான். கர்ப்பிணி நடை, அசைந்து அசைந்து, அவள் மூச்சு வாங்க நின்றால் அவனும் நின்றான், வெயில்பக்கம் அவன் நடந்து நிழலை அவள்மேல் விட்டான். பின்னால் ஊர் முழுதும் போனோம், கையில் ஓலையும் கம்பும் தார்ப்பாயும் தலையணையும் சட்டியும். அடுக்குப்பாறையைத் தொட்டாள், ஊதுபாறை அன்று அவள்மேல் துப்பாமல் அடக்கிக்கொண்டார், தேன்கூட்டுப்பாறையின் நண்டுகள் எல்லாம் ஓட்டை வாசலில் வந்து நின்று பார்த்தன, துளைப்பாறையில் அவள் வயிற்றோடு குனியச் சிரமப்பட்டதைப் பார்த்து அமலி, "இன்னைக்கு நீ மருமவளில்ல, சம்பந்தி வீட்டுப் பொண்ணாக்கும், குனியாண்டாம், சுத்திப் போ," என்றாள். முனையில் அலை எட்டாத மேட்டில் கூரை போட்டோம். நெட்டையன் தன் குழியில் இறங்கினான், நண்டுகள் ஒதுங்கி இடம் கொடுத்தன, தரை ஒருமுறை அதிர்ந்தது.

மறுநாள் காலையில் கடலிலிருந்து தொபியாஸின் கூச்சல் கரைக்கே கேட்டது. நெட்டையனும் கோபுரமும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், டவர் மலைப்பிளவில் உட்கார்ந்திருந்தது, இத்தனை மாதம் தூண்டிலையே பார்க்காமல் கொழுத்துக்கிடந்த திட்டு, இறக்கினால் மீன், இறக்கினால் மீன், வள்ளம் தண்ணீருக்குள் முங்குகிற அளவுக்குப் பிடித்தார்கள். திரும்பும்போது ஒரு வள்ளமும் நேராகத் துறைக்கு வரவில்லை, எல்லாம் முனைக்குப் போயின, முதல் மீனை மேட்டுக்கூரை வாசலில் வைத்துவிட்டுத்தான் துறைக்கு வந்தன. அமலி அங்கேயே நின்று, "மெலிஞ்சத வச்சிட்டுப் போறவன் யாருடே?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

வலி எடுத்தபோது தொபியாஸின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய், பெண்பிள்ளை பெற்று, மூன்றாம் நாளே வளர்மதி முனைக்குத் திரும்பிவிட்டாள், பிறந்த வீட்டுப் பத்தியச்சோறு வேண்டுமாம். நாற்பது நாள் கழிந்து அஜின் ஊரைக் கூட்டிக்கொண்டு போய்த் தாயையும் பிள்ளையையும் முறைப்படி அழைத்தான். புறப்படும்போது அவள் பிள்ளையின் பிஞ்சுக்கையை எடுத்து நெட்டையன்மேல் வைத்து, "மாமாகிட்ட சொல்லிட்டு வா," என்றாள். இத்தனை காலமும் கடலைப் பார்த்து நின்றவன் அதற்குப்பிறகு ஊரைப் பார்த்துத்தான் நிற்கிறான், நீங்கள் போனால் பார்க்கலாம்.

இப்போது எங்கள் ஊரில் புதுமருமகள் முனைக்குப் போகிறாள் என்றால் வள்ளக்காரர்கள் அத்தனைபேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அமலி அவள் காதில் வழியெல்லாம் "பெரிய அத்தான், பெரிய அத்தான்" என்று சொல்லிக்கொண்டே போவாள். வளர்மதியின் பிள்ளைக்குக் காதுகுத்து வரும் ஆடியில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், மாமன் வருவான், அதனால் கடல் அடித்து வள்ளம் இறங்காத மாதமாகத் தொபியாஸே பார்த்துக் குறித்திருக்கிறான். ஒயர்மேனுக்கும் சொல்லியாகிவிட்டது.

பிரிஜித்தாள் மதிலைத் திரும்பக் கட்டவில்லை. முன்னாலும் பின்னாலும் நெட்டையன் பருமனுக்கு இடைவெளி அப்படியே கிடக்கிறது, கோழியும் ஆடும் போய்வருகின்றன. குணம் மட்டும் மாறவில்லை, போனவாரம் குழாயடியில் மறுபடியும் குடத்தகராறு. வளர்மதி இடுப்பில் பிள்ளையோடு நியாயத்தைச் சொன்னாள். பிரிஜித்தாளுக்கு முகம் சிவந்தது.

"கேக்க ஆளில்லா..." என்று தொடங்கியவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். குழாயடியிலிருந்து பார்க்க, அவள் வீட்டு மதில் இடைவெளிகள் இரண்டும் நேராகச் சேருகிற இடத்தில் தெற்கே முனை தெரிந்தது, முனையில் நெட்டையன் தெரிந்தான், எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு. நாங்களும் அவனைப் பார்த்தோம், பிரிஜித்தாளைப் பார்த்தோம். குழாய்த்தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து தன் குடத்தை நகர்த்திவிட்டு, வளர்மதியின் குடத்தை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"நீ மொதல்ல பிடி மக்ளே. பிள்ள அழுவுது," என்றாள். பிள்ளை அழவே இல்லை.

வளர்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பயப்படாதீங்க அத்தை, அண்ணங்கிட்ட சொல்லமாட்டேன்," என்றாள்.

"சொல்லாத பிள்ளே," என்றாள் பிரிஜித்தாள். "இடிச்சுக் கொடுக்கதுக்கு இனி எனக்கு மதிலில்ல."